பியானோ அக்காவின் வலது கை

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் பட்டப்பெயர் இல்லாதவர்கள் குறைவு. பெரும்பாலும் ஆத்திரத்தில் வைத்த பெயர்கள். நேரில் சொன்னால் சண்டை வரும். மருந்தகத்தில் லேபிள் அடிக்கும் அம்மாளுக்கு மட்டும் மரியாதையாக ஒன்று வாய்த்திருந்தது: பியானோ அக்கா. வைத்தவள் பக்கத்து சீட்டுக்காரி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, அக்காவின் விரல்கள் கீபோர்டில் ஓடுவதை வாயைப் பிளந்து பார்த்துவிட்டு அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். அவளுக்கு வாய் ஓயாது. சொன்னதையே சொல்லிச் சொல்லி அந்தப் பெயரை எல்லா மாடிக்கும் ஏற்றிவிட்டாள்.

வேலை இதுதான். மேலே வார்டுகளிலிருந்து டாக்டர்கள் எழுதிய மருந்துச் சீட்டுகள் வரும். நோயாளியின் பெயர், பிறந்த தேதி, மருந்து, அளவு, எத்தனை வேளை என்று பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்தால், பக்கத்திலிருக்கும் குட்டி பிரிண்டர் ஒரு லேபிளைத் துப்பும். அதை பாட்டிலில் ஒட்டி, சரிபார்க்கும் மேஜைக்குத் தள்ளிவிட வேண்டும். அங்கே தலைமை மருந்தாளர், எல்லோரும் மேடம் என்று கூப்பிடுபவர், ஒரு பார்வை பார்த்து மேலே அனுப்புவார். கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் மேலே இருக்கும் செவிலிக்கு நோயாளியின் வயிற்றுக்குள் என்ன போகிறது என்று சொல்வது அந்த லேபிள்தான். அது என்ன சொல்கிறதோ அதைத்தான் அவள் அளந்து ஊற்றுவாள்.

அக்கா அடிக்கும்போது பார்க்க வேண்டும். கண் சீட்டின் மேல் இருக்கும். திரையை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். பழைய புரோகிராம் அப்படி. பார்க்க லட்சணம் ஒன்றும் கிடையாது. சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக, ஆபீஸ் பீரோ மாதிரி நிற்கும். ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும். டேப் விசையைத் தட்டினால் அடுத்த கட்டம். மருந்தின் முதல் சில எழுத்தை அடித்தால் முழுப் பெயரும் வந்து நிற்கும். அளவை அடித்துவிட்டுக் கீழ்-அம்பு விசையை ஒரு முறை தட்டினால் மில்லிகிராம், இரண்டு முறை தட்டினால் மைக்ரோகிராம். தப்பாக எதையாவது தட்டினால் அந்தக் கம்ப்யூட்டர் எல்லாப் புரோகிராமுக்கும் போடும் அதே 'டிங்' சத்தத்தைப் போட்டு அதட்டும். அப்போதுதான் அக்கா தலையைத் தூக்குவாள். மவுஸ் என்று ஒரு வஸ்து மேஜையின் ஓரத்தில் தூசி படிந்து கிடந்தது.

அந்தப் புரோகிராமின் மேல் அக்காவுக்கு ஒரு நன்றி இருந்தது. அதற்குக் காரணம் யாருக்கும் தெரியாது. காரணம் அவளுடைய வலது கை.

ஒரு வருஷத்துக்கு மேலாகவே அது நடுங்கிக்கொண்டிருந்தது. முதலில் தண்ணீர் டம்ளரில் தெரிந்தது, பிறகு சாவித் துவாரத்தில், பிறகு கையெழுத்தில். களைப்பு என்று நினைத்தாள், காப்பியைக் குறைத்துப் பார்த்தாள். அது குறையவில்லை. அதன் பிறகு அக்கா கள்ளத்தனத்தில் தேறிவிட்டாள். யாராவது எதையாவது நீட்டினால் இடது கையால் வாங்கினாள். பேசும்போது வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள். குளிர் என்றாள், சுளுக்கு என்றாள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். தரைத்தளத்தில் நின்றுகொண்டே மேலே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லும் மனுஷன். அவர் காதுக்குத் தட்டின் விளிம்பில் பெண்டாட்டியின் கரண்டி தாளம் போடுவது மட்டும் எட்டவில்லை.

ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று கேட்கலாம். டாக்டர்கள் நடமாடும் கட்டடத்திலேயே பொழுதைக் கழிப்பவள். மாடி ஏறினால் போதும். ஆனால் அவள் அடிக்கும் லேபிள்களில் ஒரு மருந்து அடிக்கடி வரும். கை நடுக்கத்தில் ஆரம்பித்து, நடையைப் பிடித்து, முகத்தின் சிரிப்பைக்கூடப் பிடுங்கிக்கொள்ளும் ஒரு நோய்க்கான மாத்திரை அது. அந்த நோயாளிகள் சக்கர நாற்காலியில் மருந்தகத்தைத் தாண்டிப் போவதை அவள் பார்த்திருக்கிறாள். முதலில் தன் காலால் நடந்து வந்தவர்கள், பிறகு மகன் கையைப் பிடித்து வந்தவர்கள், பிறகு நாற்காலியில் வந்தவர்கள். ஒரே ஆள்தான், ஒவ்வொரு முறையும் வேறு ஆள் மாதிரி. டாக்டரிடம் போனால் அவர் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். சொல்லாத வரைக்கும் அது வெறும் நடுக்கம்தானே.

மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டு கீபோர்டில் கை வைத்தால் அந்த நடுக்கம் அடங்கிவிட்டது. அதுதான் அவளுடைய ஒரே தைரியம். விரல் ஓடுகிறது, தப்பு வரவில்லை, அப்படியானால் எனக்கு ஒன்றுமில்லை. தினமும் காலையில் முதல் லேபிள் பிசகில்லாமல் வந்து விழுந்ததும் அவளுக்கு மூச்சு சீராகும்.

அப்போதுதான் பழைய புரோகிராமை மாற்றப் போகிறோம் என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் அறிவித்தது.

புதியதைக் காட்ட ஒரு கம்பெனித் தம்பி வந்தான். நல்ல பையன்தான், பேச்சில் பணிவு இருந்தது. டேப்லெட்டை எடுத்து விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினான். ஃபோனில் திறந்தாலும், டேப்லெட்டில் திறந்தாலும், கம்ப்யூட்டரில் திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும் என்றான். ஒரு தடவை எழுதினால் எல்லா இடத்திலும் ஓடும் என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை. நாங்கள் ஃபோனில் லேபிள் அடிக்கப் போவதில்லையே தம்பி என்று பக்கத்து சீட்டுக்காரி கேட்டதற்கு, வசதி இருப்பது நல்லதுதானே என்று சிரித்தான்.

தகப்பன், பிள்ளை, பேரன் மூன்று பேருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அது. ஃபோனுக்கு வெட்டியதை இழுத்து இழுத்துப் பெரிய திரையில் போட்டிருந்தார்கள். பழையதில் ஒரே பார்வையில் தெரிந்தது எல்லாம் இப்போது உருட்டி உருட்டித் தேட வேண்டியதாயிற்று. நடுவில் ஒரே வெள்ளைவெளி. வெள்ளைக்கு மேல் வெளிறிய சாம்பலில் எழுத்து. எது பொத்தான், எது வெறும் அலங்காரம் என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். டேப் விசையைத் தட்டினால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. எண்டர் தட்டினால் சில சமயம் ஒன்றும் நடக்காது, சில சமயம் அரைகுறையாகவே சேமித்துவிடும். எஸ்கேப் தட்டியவர்கள் முழுப் பக்கத்தையும் பறிகொடுத்தார்கள். தப்பு நடந்தால் 'டிங்' கிடையாது. திரையின் மூலையில் ஒரு செய்திப் பட்டை எட்டிப் பார்த்து, படிப்பதற்குள் மறைந்தது. கம்ப்யூட்டரின் விசிறி மட்டும் மூச்சுத் திணறுகிற மாதிரி இரைந்தது.

பிறந்த தேதி இன்னும் மோசம். எண்ணாக அடிக்கவிடாமல் ஒரு காலண்டரைத் திறந்து காட்டியது, இந்த மாதத்திலிருந்து. எழுபது வயதுத் தாத்தாவுக்கு மருந்து என்றால் மாதம் மாதமாகப் பின்னால் நடக்க வேண்டும். தாத்தாவின் கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டேன், இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று பக்கத்து சீட்டுக்காரி சத்தம் போட்டுச் சொல்லுவாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

அவளுக்குப் பிரச்சினை காலண்டர் இல்லை. எல்லாவற்றுக்கும் இப்போது மவுஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. மில்லிகிராமா மைக்ரோகிராமா என்று தேர்ந்தெடுக்க, மவுஸின் அம்பைச் சின்ன முக்கோணம் ஒன்றின் மேல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஒரு பட்டியல் விரியும். அம்பு இம்மி நகர்ந்தால் சுருண்டுகொள்ளும். அதில் மில்லிகிராமும் மைக்ரோகிராமும் ஒன்றன் கீழ் ஒன்றாக, நூலிடை விட்டு நின்றன. ஒன்றுக்கும் மற்றதற்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். முதல் நாள் அவள் மவுஸில் கை வைத்தபோது அம்பு திரையில் குளிரில் நிற்பவன் மாதிரி வெடவெடத்தது. இதுவரை புடவைத் தலைப்புக்குள் ஒளிந்திருந்தது, இப்போது வெளிச்சத்தில், வெள்ளைத் திரையில், நிமிர்ந்து பார்க்கிற எவருக்கும் தெரிகிற மாதிரி ஆடியது. அக்காவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

உபாயம் தேடினாள். இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். யாராவது வந்தால் மவுஸைத் துடைப்பதுபோல் பாவனை செய்தாள். இடது கையால் மவுஸ் பிடிக்கப் பழகிப் பார்த்தாள். அது நடுங்கவில்லை, ஆனால் சொன்ன இடத்துக்குப் போகவும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அம்பு வேண்டிய சொல்லின் மேல் வரும் அந்தக் கணத்தில் டக்கென்று அமுக்கினாள். பஸ் நிற்காத ஸ்டாப்பில் ஏறுகிற மாதிரி.

கூடவே இன்னொன்றும் செய்தாள். புதிய புரோகிராமை யார் திட்டினாலும் அவர்களோடு சேர்ந்து இரண்டு மடங்கு திட்டினாள். பிறகு தானே முன்னால் நின்று திட்ட ஆரம்பித்தாள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து, கீபோர்டை மதிக்காத புரோகிராம், இதையெல்லாம் கம்பெனிக்காரன் வந்து பார்க்க வேண்டும் என்று மேடத்திடம் போய் நின்றாள். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அத்தனையும் நியாயமான புகார். அந்த நியாயத்தின் பின்னால் அவளுடைய கை சௌகரியமாக ஒளிந்துகொண்டது. மற்றவர்கள் அக்காவைத் தலைவி என்று கேலி செய்தார்கள். அவளுக்கு உள்ளூரக் கூசியது.

ஒருநாள் மேடம் சரிபார்க்கும் மேஜையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். மைக்ரோகிராம் என்று வரவேண்டிய இடத்தில் மில்லிகிராம் என்று இருந்தது.

"உங்களுக்கே இப்படி ஆகுதுன்னா மத்தவங்க கதி என்னக்கா? சாஃப்ட்வேரா இது, சனியன்."

மேடம் திட்டியது புரோகிராமை. அக்காவுக்குத் தெரியும், தப்பு தன் கையினுடையது. தவறு பிடிபட்டது என்பதில் அவளுக்கு ஆறுதல் வரவில்லை. பிடிபடாதவை உண்டா என்ற கேள்விதான் வந்தது. மேடமும் மனுஷிதானே. அவரும் அதே வெளிறிய எழுத்தைத்தான் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் அமுக்கியது மில்லியா மைக்ரோவா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாதபோது, அவருக்கு எப்படித் தெரியும்?

அன்று வீட்டில் சாப்பிடும்போது புருஷன் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏன் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். ஆபீஸில் ஏதாவது பிரச்சினையா, இல்லை வேறு ஏதாவதா என்றார். அந்த 'வேறு ஏதாவது' அவள் நெஞ்சில் இடித்தது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"புது சாஃப்ட்வேர்தான். வேற ஒண்ணுமில்ல," என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு, இப்போது லிஃப்டிலும் பொத்தானை எடுத்துவிட்டுத் தொடுதிரை வைக்கிறார்கள், ஈரக் கையோடு நிற்பவனுக்குக் கதவு திறக்க மாட்டேன் என்கிறது என்று தன் கதையை ஆரம்பித்தார். நல்ல மனுஷன். அவரிடம் பொய் சொல்வது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. உண்மையைச் சொல்வது அதைவிடப் பயமாக இருந்தது.

பிறகு குழந்தைகள் வார்டுக்கு ஒரு பாட்டில் போனது. இதயத்துக்கான துளி மருந்து. அளவு கொஞ்சம் கூடினாலும் பிஞ்சு உடம்பு தாங்காது. லேபிள் அடித்து, ஒட்டி, தள்ளிவிட்டு, அடுத்த சீட்டை எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் அமுக்கிய கணம் நினைவுக்கு வந்தது. அம்பு துள்ளியது மாதிரி இருந்ததே. முன்னால் துள்ளியதா, பின்னால் துள்ளியதா? திரையில் திரும்பிப் பார்க்கலாம் என்றால் அந்தப் பக்கம் மூடிவிட்டது. திறக்க, திரையின் ஓரங்களில் இருக்கும் மூன்று புள்ளி அடையாளங்களில் எதைத் தொட வேண்டும் என்று அந்தப் பதற்றத்தில் தெரியவில்லை. சரிபார்க்கும் மேஜையைப் பார்த்தாள். பாட்டில் இல்லை. மேலே போய்விட்டது.

வார்டுக்கு ஃபோன் செய்திருக்கலாம். அதுதான் முறை. ஆனால் ஃபோனில் என்ன சொல்வது? நான் ஒட்டிய லேபிளில் எனக்கே சந்தேகம் என்றால், ஏன் சந்தேகம் என்று கேட்பார்கள். அக்கா ஃபோனை எடுக்கவில்லை. பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு மாடிப்படியில் ஓடினாள். அந்த வயதில், அந்த உடம்பை வைத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குழந்தையின் வாயருகே ஒரு துளிக்குழாய் போவது கண் முன்னால் வந்தது. கடவுளே, கடவுளே என்று வாய் தானாக முனகியது.

பாட்டில் வார்டு மேஜையில் மருந்துத் தட்டில் நின்றது, மூடி திறக்காமல். அவள் கையில் எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, லேபிளைப் படித்தாள். மைக்ரோகிராம். சரியாகத்தான் இருந்தது.

"என்னக்கா, இப்படி மூச்சு வாங்குது?" என்றாள் செவிலி.

லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றாள் அக்கா. லிஃப்ட் மெக்கானிக் பெண்டாட்டி சொல்லுகிற பொய்யா அது? இறங்கும்போது படியில் உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது, ஆனால் வந்த இடத்தில் நிம்மதியாக உட்காரவில்லை. லேபிள் சரியாக இருந்ததில் தன் கைக்கு எந்தப் பங்கும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த நேரத்துக்கு அம்பு நல்ல பக்கம் துள்ளியிருந்தது, அவ்வளவுதான். இனி ஒவ்வொரு பாட்டிலுக்கும் பின்னால் இப்படி ஓட முடியாது.

அடுத்த வாரமே கம்பெனித் தம்பி வந்தான். அக்கா கொடுத்த நெருக்கடியில் மேடம்தான் வரவழைத்திருந்தார். மருந்தகத்தின் பின்னால் இருக்கும் சின்ன அறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே எல்லோரும் உட்கார்ந்தார்கள். தம்பியின் மடிக்கணினி மேஜைமேல் திறந்திருந்தது. ஒவ்வொருவராகக் கொட்டித் தீர்த்தார்கள். காலண்டர், எழுத்தின் நிறம், மறையும் பட்டை, சுருளும் பட்டியல். எல்லாவற்றுக்கும் மேலாக, கீபோர்டில் பழையபடி வேலை செய்ய வேண்டும் என்றார்கள். பக்கத்து சீட்டுக்காரி பேசினதில் பாதி திட்டு, பாதி நடிப்பு; தம்பியே சிரித்துவிட்டான்.

ஆனால் பதில் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. புகார் எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டான். பழையது இந்தக் கம்ப்யூட்டருக்கென்றே எழுதியது. அதனால் பட்டியல், விசை, சத்தம் எல்லாம் கம்ப்யூட்டரே கொடுத்தது. புதியதில் அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தனியே எழுத வேண்டும். எழுதலாம், ஆனால் இது மாதிரி விருப்பங்கள் கம்பெனியில் வரிசையில் நிற்கின்றன. இந்த ஆஸ்பத்திரியின் முறை வர அடுத்த வருஷம் ஆகலாம் என்றான். அவனுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னான்.

"ஒரு வழி இருக்கு மேடம். வேலை பாக்கிறவங்கள்ல யாருக்காவது உடம்பு முடியாம, மவுஸ் பிடிக்க முடியலன்னா, கீபோர்டிலயே வேலை செய்யற மாதிரி நாங்க உடனே மாத்திக் கொடுத்தே ஆகணும். ஒப்பந்தத்துலயே இருக்கு. ஒருத்தர் இருந்தாப் போதும்."

மேடம் மூச்சுவிட்டார். "நல்லவேளை, நம்மகிட்ட அப்படி யாரும் இல்ல," என்று சொல்லிவிட்டு, சரி, அடுத்த வருஷம் வரைக்கும் எப்படிச் சமாளிப்பது என்று பேச்சை நகர்த்தினார்.

அக்காவின் வலது கை மேஜைக்கு அடியில், இடது கையின் பிடியில், மடியில் கிடந்தது. அடுத்த வருஷம் என்ற சொல் மட்டும் உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது. அடுத்த வருஷம் வரைக்கும் எத்தனை குழந்தைகள்? சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இந்த நாற்காலி போகும். டாக்டரிடம் போக வேண்டும், அவர் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார். வீட்டில் தெரியும். பரிதாபமாகப் பார்ப்பார்கள், குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். பேசாமல் இருந்தால் எதுவும் ஆகாது, யாருக்கும் தெரியாது, இத்தனை நாள் தெரியவில்லையே. பேசாமல் இருந்துவிடு என்று அவளுக்குள்ளிருந்து ஒரு குரல் கெஞ்சியது. அந்தக் குரலுக்குத்தான் அவள் பயந்தாள், ஏனென்றால் அது சொல்வதைச் செய்துவிடுவோம் என்று தோன்றியது.

"இருக்காங்க மேடம்," என்றாள். "நான்தான்."

சொல்லிவிட்டு வலது கையை எடுத்து மேஜைக்கு மேலே, எதன்மேலும் ஊன்றாமல், காற்றில் நீட்டினாள்.

அது ஆடியது. கம்பெனித் தம்பியின் முகம் ஒரு கணம் மலர்ந்தது, வழி கிடைத்துவிட்டதே என்று. மறுகணம் தான் எதற்காகச் சந்தோஷப்பட்டோம் என்று உணர்ந்து தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்து சீட்டுக்காரி தன் நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அக்காவும் அந்தக் கையைப் பார்த்தாள். மறைப்பதிலேயே காலம் போனதில், அவள் அதை இப்படி நிதானமாகப் பார்த்ததே கிடையாது. நினைத்ததைவிட அதிகமாக ஆடியது.

மேடத்தின் முகத்தில் முதலில் பரிதாபம் வந்தது. அது நிற்கவில்லை. அவருடைய கண் மெதுவாக மருந்தக வாசலின் பக்கம், மேலே போகும் தள்ளுவண்டியின் பக்கம் திரும்பியது.

"எத்தனை நாளா, அக்கா?"

கேள்வி கையைப் பற்றியது இல்லை என்று அக்காவுக்குப் புரிந்தது. மேலே போன பாட்டில்களைப் பற்றியது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றாள். கீபோர்டில் இருந்த வரைக்கும் தப்பு வரவில்லை என்றாள். மவுஸ் வந்த பிறகு என்ன ஆனது என்று தெரியாது என்றாள். ஒரு தடவை குழந்தைகள் வார்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்ததையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அறையில் இருந்த மற்றவர்களுக்கும் பயம் பிடித்துக்கொள்வதை அவள் கண்ணால் பார்த்தாள். அவள் ஒருத்தி தூக்கித் திரிந்த பயத்தை இப்போது எல்லோரும் ஒரு கை பிடித்தார்கள். ஆனாலும் அது கனம் குறையவில்லை.

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அக்கா அழுதுவிட்டுத் தப்பித்திருப்பாள். அந்த வழி அவளுக்குக் கிடைக்கவில்லை. புதிய புரோகிராம் வந்த பிறகு அக்கா ஒட்டின லேபிளோடு மேலே இன்னும் பயன்பாட்டில் இருக்கும் பாட்டில் ஒவ்வொன்றையும் இப்போதே சரிபார்க்க வேண்டும் என்று மேடம் சொன்னார். பக்கத்து சீட்டுக்காரியை அலமாரியிலிருந்து டாக்டர் சீட்டுக்கட்டுகளை எடுத்து வரச் சொன்னார். தான் சரிபார்த்து அனுப்பியவையும் அதில் அடக்கம் என்று, யாரும் கேட்காமலே, அவரே சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு நிலையில் இல்லை. பிறகு ஃபோனை அக்காவின் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே கேளுங்க. குழந்தைங்க வார்டுலேர்ந்து ஆரம்பிங்க."

ஃபோனை இடது கையில் எடுத்தாள். வலது கையை மேஜைமேல் போட்டாள்; ஒளித்து வைக்க இனி இடமில்லை. அது டொக் டொக்கென்று மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் செவிலி எடுத்தாள், அன்று மூச்சு வாங்குவதைக் கேட்டவள்தான்.

"நான் ஒட்டின லேபிள் எல்லாத்தையும் எனக்குப் படிச்சுக் காட்டும்மா. எல்லாத்தையும். அதுவரைக்கும் யாருக்கும் கொடுக்காதே."

ஏன் என்று செவிலி கேட்கவில்லை. அந்தக் குரலைக் கேட்ட பிறகு அவளும் கேட்கப் பயந்திருக்கலாம். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது, கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. பக்கத்து சீட்டுக்காரி சீட்டுக்கட்டோடு வந்து அக்காவின் தோளருகே நின்றாள். செவிலி முதல் பாட்டிலைப் படித்தாள். பக்கத்து சீட்டுக்காரி சீட்டைப் பார்த்துத் தலையாட்டினாள். இரண்டாவதற்கும் தலையாட்டினாள். மூன்றாவதில் செவிலி குழந்தையின் பெயரைப் படித்தாள், மருந்தின் பெயரைப் படித்தாள், எண்ணைப் படித்தாள். அப்புறம், மில்லியா மைக்ரோவா என்று சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம்க்கா. ஓரம் மருந்து பட்டு நனைஞ்சிருக்கு. வெளிச்சத்துல வெச்சுப் பாக்கறேன்."

அவளுடைய செருப்புச் சத்தம் ஜன்னலை நோக்கிப் போனது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.